கேட்கத்தக்க போட்காஸ்டைக் கண்டுபிடிப்பதும் அதை உரியவரிடம் சேர்ப்பதும்

இணையம் வழியே பகுதி பகுதியாக வரும் ஒலி நிகழ்ச்சியான போட்காஸ்டைக் கேட்க விரும்பும் ஒருவர் பெரும்பாலும் முதலில் செய்வது, செயலியைத் திறந்து முதற்பக்கத்துப் பட்டியலில் மேலே இருப்பதை அழுத்துவதுதான். இரண்டு மூன்று நாள் கேட்டுவிட்டு, இது நமக்குச் சரிவராது என்று விட்டுவிடுகிறார். கொழும்பில் வாழும் தமிழருக்கு அந்தப் பட்டியலால் கிடைக்கும் உதவி இன்னும் குறைவு. காலையில் ஆங்கிலத்தில் உலகச் செய்தி, மதிய இடைவேளையில் சக ஊழியர் போட்டுவிடும் சிங்கள உரையாடல், இரவில் சென்னையிலிருந்தோ ரொறன்ரோவிலிருந்தோ வரும் தமிழ்க் குரல் என்று மூன்று மொழிகளில் கேட்கும் ஒருவரை எந்தத் தரவரிசையும் கணக்கில் எடுப்பதில்லை. ஆகவே இங்கே நான் சொல்லப்போவதெல்லாம் ஓர் எளிய முறையைச் சுற்றியே அமையும்: தேடும்போது நிகழ்ச்சியைத் தேடாமல் தனியொரு பகுதியை, அதாவது எபிசோடை, தேட வேண்டும், பரிந்துரைக்கும்போதும் தனியொரு பகுதியை, ஒரே ஒருவருக்குப் பரிந்துரைக்க வேண்டும்.

முதலில் கருவியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். போட்காஸ்ட் என்பது அடிப்படையில் இணையத்தில் திறந்து வைக்கப்பட்டிருக்கும் ஒரு பட்டியல். ஆர்எஸ்எஸ் எனப்படும் அந்தப் பட்டியலில் ஒவ்வொரு பகுதியின் தலைப்பும் விவரமும் ஒலிக்கோப்பு இருக்கும் முகவரியும் எழுதப்பட்டிருக்கும். உங்கள் செயலி அதை அவ்வப்போது போய்ப் பார்த்து, புதிதாக வந்ததை எடுத்துவருகிறது. 2005இல் அப்பிள் நிறுவனம் ஐடியூன்ஸில் இதற்கு இடம் கொடுத்த காலத்திலிருந்து இந்த ஏற்பாடு பெரிதாக மாறவில்லை. இதனால் நமக்குக் கிடைக்கும் நன்மை, பெரும்பாலான நிகழ்ச்சிகளை எந்தச் செயலியிலும் கேட்கலாம் என்பதாகும். அன்ட்ரொயிட் தொலைபேசி வைத்திருப்பவருக்கு அன்டெனாபொட் என்ற செயலி போதும். பணமும் இல்லை, விளம்பரமும் இல்லை, கணக்குத் திறக்கவும் வேண்டியதில்லை. ஐபோன்காரர்களுக்கு அப்பிள் போட்காஸ்ட்ஸ் ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. பொக்கெட் காஸ்ட்ஸ் இரண்டிலும் இயங்கும். 2021இல் ஸ்பொட்டிஃபை இலங்கைக்கு வந்த பிறகு பலர் பாட்டுக் கேட்கும் அதே இடத்திலேயே போட்காஸ்டையும் கேட்கிறார்கள். அதில் தவறில்லை, ஆனால் அங்கே மாத்திரம் கிடைக்கும் நிகழ்ச்சிகளை வேறு செயலிக்குக் கொண்டுபோக முடியாது. யூடியூப்பில் கேட்பதை நான் கடைசித் தெரிவாகவே வைப்பேன். பணம் கட்டாதவருக்குத் திரையை அணைத்தால் பொதுவாக ஒலியும் நின்றுவிடும். படத்துக்காகச் செலவாகும் டேட்டாவும் வீண்.

டேட்டாக் கணக்கு எளிது. நொடிக்கு 128 கிலோபிட் தரத்திலுள்ள ஒரு மணிநேர ஒலிக்கோப்பு ஏறத்தாழ 58 மெகாபைட் இருக்கும். வெறும் பேச்சுக்குப் பலர் பயன்படுத்தும் 64 கிலோபிட் தரமானால் அதில் பாதி. செயலியின் அமைப்புகளில் ‘வைஃபையில் மாத்திரம் தரவிறக்கு’ என்பதைத் தெரிந்தெடுத்து, இரவில் வீட்டு இணைப்பில் இறக்கிவைத்துவிட்டால், மறுநாள் புறக்கோட்டை வரை பஸ்ஸில் போய்வரும் நேரத்துக்கு ஒரு சதமும் செலவில்லை.

தேடும் முறை

தமிழ் நிகழ்ச்சிகளைத் தேடுகிறவர்கள் முதலில் தடுக்கி விழுவது எழுத்தில்தான். தமிழில் பேசும் பல நிகழ்ச்சிகள் தங்கள் பெயரை ஆங்கில எழுத்தில் பதிவு செய்திருக்கின்றன. அந்த ஆங்கில எழுத்திலும் நமக்கும் தமிழ்நாட்டாருக்கும் பழக்கம் வேறு. ‘கதை’ என்பதன் நடு எழுத்துக்கு நாம் ரீயும் எச்சும் போடுவோம், அவர்கள் டீயும் எச்சும் போடுவார்கள். ‘ழ’வுக்கு அவர்கள் இஸட்டும் எச்சும் எழுத, நாம் ‘யாழ்’ என்பதை ஆரும் எல்லும் சேர்த்து எழுதிப் பழகியவர்கள். எனவே ஒரு சொல்லைத் தமிழ் எழுத்தில் ஒருமுறை, நம் வழக்கில் ஒருமுறை, தமிழ்நாட்டு வழக்கில் ஒருமுறை என்று தேடிப் பாருங்கள். முதல் தேடலில் வெறுமையாக வந்த திரை மூன்றாம் தேடலில் நிறைந்திருப்பதைக் காண்பீர்கள்.

அடுத்தது, ‘வரலாறு’, ‘இலக்கியம்’ போன்ற பொதுச் சொற்களை விட்டுவிட்டு, ஓர் ஆளின் பெயரையோ ஒரு சம்பவத்தையோ தேடுவது. கொழும்பில் பிறந்த அனுக் அருட்பிரகாசத்தின் நாவல் 2021இல் புக்கர் பரிசின் இறுதிப் பட்டியலில் இடம்பெற்றது. ஷெஹான் கருணாதிலக்க 2022இல் அந்தப் பரிசையே வென்றார். இவர்களில் ஒருவரின் எழுத்து உங்களுக்குப் பிடித்திருந்தால், அவருடைய பெயரை லிஸின் நோட்ஸ் போன்ற, நிகழ்ச்சிப் பெயரோடு நில்லாமல் தனித்தனிப் பகுதிகளுக்குள்ளும் தேடித் தரும் தளத்தில் இடுங்கள். ஒரே எழுத்தாளரை வெவ்வேறு நாட்டுத் தொகுப்பாளர்கள் பேட்டி கண்டிருப்பதைப் பக்கத்தில் பக்கத்தில் கேட்கும்போது, யார் நூலை வாசித்துவிட்டு வந்திருக்கிறார், யார் பின்னட்டையை மாத்திரம் பார்த்துவிட்டு வந்திருக்கிறார் என்பது ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். வாசித்துவிட்டு வந்தவரின் மற்றப் பகுதிகளுக்குப் போங்கள். பொதுவாக, விருந்தினரைத் தேடிப்போய்த் தொகுப்பாளரைக் கண்டடைவதே நீண்ட நாள் கேட்கத்தக்க நிகழ்ச்சியை அடையும் நேர் வழி. 1981இல் எரிக்கப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகம், 2022இன் பொருளாதார நெருக்கடி, மலையகத் தமிழரின் குடியுரிமை என்று நீங்கள் உண்மையில் அக்கறை கொண்ட ஒன்றை எடுத்துக்கொண்டும் இதையே செய்யலாம்.

பகுதியின் விவரக் குறிப்பை வாசிக்காமல் விடுவது நம்மில் பலருக்கு உள்ள பழக்கம். நல்ல நிகழ்ச்சிகள் அங்கேதான் பேசப்பட்ட நூல்களையும் மற்ற உரையாடல்களையும் தருகின்றன. அடுத்து எதைக் கேட்பது என்பதற்கு இயந்திரத்தின் பரிந்துரையைவிட அந்த நான்கு வரிகள் நம்பகமானவை. குறிப்பில் வரும் நூல் பழைய ஈழத்து வெளியீடாக இருந்தால், ஈழத்து நூல்களைச் சேர்த்து வைத்திருக்கும் ‘நூலகம்’ இணையத்தளத்தில் இலவசமாக வாசிக்கக் கிடைக்கிறதா என்று பாருங்கள். வெள்ளவத்தைப் பக்கம் இருப்பவர் கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகத்திலும் ஒரு கண் வைக்கலாம்.

எங்கிருந்தாவது தொடங்க வேண்டும் என்பவருக்குச் சில பெயர்கள். அவுஸ்திரேலியப் பொது ஒலிபரப்பான எஸ்பிஎஸ் தமிழ், குறுகிய செய்திகளையும் நேர்காணல்களையும் தருகிறது. இலங்கை விடயங்களும் அதில் வரும். தீபிகா அருண் நடத்தும் கதை ஓசை, தமிழ்ப் புனைகதைகளை நிதானமாக வாசித்துக் காட்டுவது; சமையலறையில் நிற்கும்போது அதற்கு நிகர் வேறில்லை என்பது என் எண்ணம். விகடனின் இம்பர்ஃபெக்ட் ஷோ தமிழ்நாட்டு அரசியலைக் கிண்டலோடு பேசுவது. ஆனால் அங்குள்ள கட்சிக்காரர்களின் பெயர்கள் பழகாதவருக்குப் பாதி நகைச்சுவை பிடிபடாது. ஆங்கிலத்தில் பிபிசி ரேடியோ 4இன் ‘இன் அவர் டைம்’ 1998 முதல் ஒலிபரப்பாகி, ஆயிரத்துக்கு மேற்பட்ட பகுதிகளைச் சேர்த்து வைத்திருக்கிறது. அதைப் புதியதிலிருந்து கேட்பதில் பொருளில்லை. அசோகர் என்றோ அச்சு இயந்திரம் என்றோ உங்களுக்கு வேண்டியதைத் தேடி எடுப்பதுதான் அதைக் கேட்கும் முறை.

தனிநபர்கள் ஆர்வத்தோடு தொடங்கும் தமிழ் நிகழ்ச்சிகளில் பல, பத்துப் பன்னிரண்டு பகுதிகளோடு நின்றுவிடுவதைக் காண்பீர்கள். கடைசிப் பகுதியின் திகதி பழையது என்பதற்காக ஒதுக்கிவிட வேண்டாம். ஊர் நினைவுகளையும் முதியவர்களின் பேச்சையும் பதிவு செய்தவற்றுக்குக் காலம் தாழ்ந்துபோவதில்லை. நடப்பு அரசியல் பேசுவதானால் மாத்திரம் திகதியைப் பாருங்கள்.

கேட்டு எடை போடுதல்

ஒரு நிகழ்ச்சியைத் தொடர்ந்து கேட்பதா என்று முடிவு செய்ய மூன்று பகுதிகள் போதும்: அண்மையில் வந்த ஒன்று, ஓராண்டுக்கு முந்திய ஒன்று, உங்களுக்கு நன்றாகத் தெரிந்த விடயத்தைப் பேசும் ஒன்று. முதல் இரண்டும் நிகழ்ச்சியின் தரம் ஏறுகிறதா இறங்குகிறதா என்பதைக் காட்டும். மூன்றாவதுதான் உண்மையான பரீட்சை, ஏனென்றால் தெரியாத விடயத்தில் யாரும் நம்மை வியக்க வைத்துவிடலாம்.

இதை ஓர் உதாரணத்தோடு சொல்வது நல்லது. உலகப் பொருளாதாரம் பேசும் வெளிநாட்டு நிகழ்ச்சிகள் பலவற்றில் இலங்கையைப் பற்றி ஒரு பகுதியாவது இருக்கும். 2022 ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்துவதாக அரசாங்கம் அறிவித்ததை அவர்கள் எல்லோரும் பேசியிருக்கிறார்கள். அந்தப் பகுதியைக் கேளுங்கள். 2021இன் இரசாயன உரத் தடையால் மாத்திரமே நாடு வங்குரோத்தானது என்று ஒருவர் கதையை முடித்துவிட்டால், அவர் செய்தித் தலைப்புகளை வைத்துப் பேசுகிறார். 2019 இறுதியில் வற் வரியை 15 வீதத்திலிருந்து 8 வீதமாகக் குறைத்தது, உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களாலும் கொவிட்டாலும் சுற்றுலா வருமானம் விழுந்தது, சர்வதேச முறிகளில் குவிந்திருந்த கடன், டொலர் கையிருப்பு கரைந்த விதம் ஆகியவற்றையும் சேர்த்துச் சொல்பவர் வீட்டுப்பாடம் செய்தவர். எரிவாயு வரிசையில் நின்ற நமக்கு இதைக் கண்டுபிடிப்பது சிரமமல்ல. இலங்கையைப் பற்றிக் கவனமாகப் பேசுபவர் ஆர்ஜென்டீனாவைப் பற்றியும் பெரும்பாலும் கவனமாகவே பேசுவார் என்று நம்பலாம். மருத்துவர் மருத்துவத்தை வைத்தும், ஆசிரியர் கல்வியை வைத்தும், கணக்காளர் வரியை வைத்தும் இதே பரீட்சையை நடத்தலாம்.

ஒலித்தரத்தை வீட்டில் சோதிக்காமல் வீதியில் சோதியுங்கள். காலி வீதியில் 100ஆம் இலக்கப் பஸ்ஸின் பின் ஆசனத்தில், எஞ்சின் இரைச்சலுக்கும் சாரதி போட்டிருக்கும் பாட்டுக்கும் நடுவே, ஒருவரின் சொற்கள் தெளிவாகக் கேட்டால் அந்த நிகழ்ச்சியின் ஒலிப்பதிவு நல்லது. பேச்சுக்கு அடியில் இடைவிடாமல் இசையை ஓடவிடுபவர்களும், இரண்டு பேரில் ஒருவரின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் பதிவு செய்பவர்களும் அங்கேயே தோற்றுவிடுவார்கள். வீதியைக் கடக்கும்போது ஒரு காதையாவது திறந்து வைத்திருங்கள்.

தொகுப்பாளர் விருந்தினரைப் பேசி முடிக்க விடுகிறாரா என்பதையும் கவனியுங்கள். தமிழ் உரையாடல்களில் எனக்குள்ள பெரிய மனக்குறை, முதல் பத்து நிமிடம் ஒருவரையொருவர் புகழ்வதிலேயே கழிந்துவிடுவது. மேடைப் பேச்சின் பழக்கம் ஒலிவாங்கிக்கு முன்னாலும் போகவில்லை. அப்படியான நிகழ்ச்சியிலும் பின்னால் நல்ல விடயம் இருக்கக்கூடும் என்பதால், முதல் பத்து நிமிடத்தைத் தாண்டிவிட்டு ஒருமுறை கேட்டுப் பார்த்த பிறகே தள்ளுங்கள்.

பிறருக்குப் பரிந்துரைத்தல்

‘நல்ல போட்காஸ்ட் ஒன்று இருக்கிறது, கேட்டுப் பாருங்கள்’ என்று ஓர் இணைப்பை வட்ஸ்அப் குழுவில் போடுவதால் எவரும் எதையும் கேட்பதில்லை. இருநூறு பகுதிகள் உள்ள நிகழ்ச்சியின் வாசலில் ஒருவரைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டு நாம் வந்துவிடுகிறோம். எதைத் திறப்பது என்று அவருக்குத் தெரியாது. தெரிந்தெடுக்கும் வேலையை நாம் செய்து, கேட்கும் வேலையை மாத்திரம் அவருக்கு விட வேண்டும். நெருங்கிய உறவினர் ஒருவருக்கு அனுப்பும் செய்தி ஏறத்தாழ இப்படி இருக்கலாம்:

‘மாமி, நீங்கள் போன கிழமை கதைச்ச துறைமுக விஷயம் இதில வருது. முதல் ஒன்பது நிமிஷம் விளம்பரமும் வணக்கமும்தான், அதை விட்டிட்டுக் கேளுங்கோ. அந்த மனுசன் தன்ரை தகப்பனைப் பற்றிச் சொல்லத் தொடங்குற இடத்திலதான் விஷயம் இருக்கு. அதிலயிருந்து இருபத்தைஞ்சு நிமிஷம். கேள்வி கேக்கிறவ கொஞ்சம் கெதியாக் கதைப்பா. பிடிக்காட்டி விட்டிடுங்கோ.’

இதில் ஒவ்வொரு வரிக்கும் வேலை உண்டு. ஏன் இவருக்கு என்பது முதல் வரியில் வந்துவிடுகிறது. எங்கிருந்து தொடங்குவது, எவ்வளவு நேரம் என்பன தெரிவதால், தேநீர் வைக்கும் நேரத்தில் முடியுமா அல்லது ஞாயிற்றுக்கிழமைக்கு வைக்க வேண்டுமா என்று அவரே முடிவு செய்துகொள்வார். குறையை முன்கூட்டியே சொல்லிவிட்டதால் அது அவருக்கு எரிச்சலூட்டாது. கடைசி வரி, கேட்டே ஆக வேண்டும் என்ற கடமையிலிருந்து அவரை விடுவிக்கிறது. பிறகு ‘கேட்டாச்சா?’ என்று விசாரித்துத் துரத்துவது, அந்தக் கடைசி வரியைத் திரும்பப் பெற்றுக்கொள்வதற்குச் சமம்.

தொடங்கும் இடத்தை நிமிடக் கணக்கில் மாத்திரம் எழுதாமல், பேச்சின் அடையாளத்தோடும் எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. பல நிகழ்ச்சிகளில் விளம்பரங்கள் கோப்பு இறங்கும் வேளையில்தான் சேர்க்கப்படுகின்றன. கேட்பவரின் நாட்டையும் நாளையும் பொறுத்து அவை மாறும். கொழும்பில் உங்களுக்கு ஒன்பதாம் நிமிடத்தில் வந்த பேச்சு, இலண்டனில் இருக்கும் உங்கள் அண்ணாவுக்குப் பதினோராம் நிமிடத்தில் வரலாம். அதேபோல் இணைப்போடு நிகழ்ச்சியின் பெயரையும் பகுதியின் தலைப்பையும் எழுத்தில் தந்துவிடுங்கள். உங்கள் செயலியின் இணைப்பு அவருடைய தொலைபேசியில் ‘எங்கள் செயலியை நிறுவுங்கள்’ என்ற பக்கத்தைத் திறந்து நின்றுவிட்டால், பெயரை வைத்துத் தானே தேடிக்கொள்வார்.

வீட்டிலுள்ள பெரியவர்களுக்குப் போட்காஸ்ட் பிடிக்காது என்று முடிவு கட்டிவிடுவது தவறு. இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவையில் மயில்வாகனம், அப்துல் ஹமீத் போன்றோரின் குரலோடு வளர்ந்தவர்கள் அவர்கள். 2017 ஏப்ரலில் வானொலி ஒலிபரப்பு நிற்கும் வரை பிபிசி தமிழோசைக்காக இரவில் சிற்றலையைத் திருகிக்கொண்டிருந்தவர்களும் அவர்களுள் உண்டு. காதால் கேட்டு மனத்தில் வாங்கும் பயிற்சி நம்மைவிட அவர்களுக்கே அதிகம். அவர்களைத் தடுப்பது செயலிதான். ஆகவே இணைப்பு அனுப்பாமல், நேரில் போகும்போது அவர்களுடைய தொலைபேசியிலேயே ஒரு செயலியை நிறுவி, இரண்டே இரண்டு நிகழ்ச்சிகளைச் சேர்த்து, புதிய பகுதி வந்ததும் வைஃபையில் தானாக இறங்குமாறு அமைத்து, இறங்கியவை தெரியும் பக்கம் முதலில் திறக்கும்படி வைத்துவிட்டு வாருங்கள். சிறிய புளூடூத் ஒலிபெருக்கி ஒன்றையும் இணைத்துக் கொடுத்தால், வானொலிப்பெட்டி இருந்த மேசையிலேயே அது ஒலிக்கும். ஒலிவேகத்தைக் கூட்டிக் கேட்பது நம் போன்ற அவசரக்காரருக்கு உரியது. அவர்களுடைய தொலைபேசியில் அந்தப் பொத்தானைத் தவறுதலாகத் தொட்டுவிட்டால் எப்படிப் பழைய வேகத்துக்குக் கொண்டுவருவது என்பதை மாத்திரம் காட்டிக் கொடுங்கள்.

போரைப் பற்றியும் காணாமலாக்கப்பட்டவர்களைப் பற்றியும் பேசும் பகுதிகளை அனுப்புவதில் கூடுதல் நிதானம் தேவை. இந்த நகரத்தில் நம்மோடு வேலை செய்பவர்களிலும் பக்கத்து வீட்டில் இருப்பவர்களிலும் யார் எதை இழந்தவர் என்பது நமக்கு எப்போதும் தெரிவதில்லை. எழுத்தில் வாசிக்கும்போது ஒருவர் கண்ணை எடுத்துவிடலாம். இயர்போனில் வரும் குரல் அதற்கு இடம் தராமல் உள்ளே போய்விடும். அத்தகைய ஒன்றைக் குழுவில் போடாமல், அந்த ஒருவரிடம் தனியாக, இதில் இன்ன விடயம் வருகிறது, அனுப்பட்டுமா என்று கேட்டுவிட்டு அனுப்புங்கள். சிங்களம் பேசும் நண்பருக்குத் தமிழரின் அனுபவத்தைக் கேட்கத் தர விரும்பினாலும் இதே நடைமுறைதான். அவருக்கு விளங்கும் மொழியில் உள்ள, யாரோ ஒருவர் தன் வாழ்க்கையைச் சொல்லும் பகுதி, பகுப்பாய்வுகளைவிட நன்றாகப் போய்ச் சேரும்.

நீங்கள் பிறரிடமிருந்து பரிந்துரை பெறும்போதும் கேள்வியைச் சற்று மாற்றிக் கேளுங்கள். ‘என்ன கேட்கிறீர்கள்?’ என்றால் பிரபலமான பெயர் ஒன்றே பதிலாக வரும். ‘அண்மையில் எந்தப் பகுதியைக் கடைசிவரை கேட்டீர்கள்?’ என்று கேட்டால், அவர் சற்று யோசித்துவிட்டுச் சொல்லும் ஒன்று பெரும்பாலும் கேட்கத்தக்கதாக இருக்கும்.

இப்படிச் சேர்ந்த பட்டியலைப் பாதுகாப்பது கடைசி வேலை. கூகுள் போட்காஸ்ட்ஸ் 2024இல் மூடப்பட்டபோது, வேறிடத்துக்கு மாற்றிக்கொள்ளாதவர்களின் சந்தாக்கள் அதோடு போயின. அன்டெனாபொட், பொக்கெட் காஸ்ட்ஸ் போன்றவற்றின் அமைப்புகளுக்குள் ஓபிஎம்எல் என்ற பெயரில் ஏற்றுமதி வசதி இருக்கிறது. அதை அழுத்தினால் உங்கள் நிகழ்ச்சிகள் அனைத்தும் ஒரு சிறு கோப்பாகிவிடும், வேறு செயலி ஒன்றில் அதே கோப்பை உள்ளிட்டால் எல்லாம் திரும்பி வந்துவிடும். ஆண்டுக்கு இரண்டு முறை அந்தக் கோப்பை உங்கள் மின்னஞ்சலுக்கே அனுப்பி வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அதில் நிகழ்ச்சிகளின் பெயரும் அவற்றின் பட்டியல் இருக்கும் முகவரியும் மாத்திரமே இருக்கும். எந்தப் பகுதியை யாருக்கு அனுப்பினீர்கள், எந்த இடம் பிடித்தது என்பதைத் தொலைபேசிக் குறிப்பேட்டில் நீங்களே திகதியிட்டு எழுதி வைக்க வேண்டும்.